பூட்டியவனே சாவிக்கும் விலை கேட்கிறான்

மதர்போர்டு எது வாங்குவது என்று கேட்டுக்கொண்டு வாலிபர்கள் சங்க ஆபீசுக்கு வருகிறார்கள். சின்னசேலத்து அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன் வருகிறான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் ஒருவரின் மருமகன் வருகிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலை பார்க்கிற பையனும் வருகிறான். மூவரும் கேட்பது ஒன்றுதான்: “தோழர், ஓவர்கிளாக் பண்ற மாதிரி போர்டு, கம்மி விலையில எதுங்க?”

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோதெல்லாம் அதைப் பிரித்து மாட்டிப் பழகியவன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நம் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். 2025-26-ம் ஆண்டில் நூறு நாள் வேலைக்கு நம் மாநிலத்தில் நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். கடைக்காரர் ஏற்றிச் சொல்லும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் மூன்று நாள் மண்வெட்டி பிடித்த பணம். மலையிலிருந்து வந்த பையனின் தகப்பனார், மகன் சாமான் வாங்குவதற்காகக் கரும்பு வெட்டு முன்பணம் வாங்குவதாக இருக்கிறார். முன்பணம் வாங்கினால் அந்த சீசன் முழுவதும் மேஸ்திரி கூப்பிட்ட இடத்துக்குப் போயாக வேண்டும். 1976 வரை ஜாகீர்தார்களுக்கு வெட்டி வேலை செய்து கிடந்த மலை அது. ஒரு மதர்போர்டுக்காக இன்னொரு கட்டு அங்கே போடப்படுவதை நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஓவர்கிளாக் போர்டு’ என்று கூடுதலாகக் கேட்கும் பணத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. நல்ல செம்பு, நல்ல கரண்டு வேலைப்பாடு, சூடு தணிக்கும் அலுமினியக் கட்டை, இவற்றின் விலை ஒரு பங்கு. அது நியாயமான பணம். கம்பெனி தானே போட்ட பூட்டைத் தானே திறந்துவிடுவதற்கு வாங்கும் கூலி இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கைக் கொடுக்காமல் தப்ப வழி இருக்கிறது.

ஓவர்கிளாக் என்றால் என்ன? பழைய அரிசி ஆலையில் மோட்டார்ப் பக்கத்துப் புல்லியைப் பெரிதாக மாற்றினால் ஹல்லர் வேகமாகச் சுற்றும். மணிக்கு இத்தனை மூட்டை என்பது கூடும். கூடவே பெல்ட் நழுவும், பேரிங் சுடும், நொய் அதிகமாக விழும். கம்ப்யூட்டரிலும் அதே வேலைதான். பிராசசர் ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. அடிப்படைத் துடிப்பு 100 மெகா ஹெர்ட்ஸ். அதை 44 என்ற எண்ணால் பெருக்கினால் 4.4 கிகா ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 440 கோடி துடிப்பு. அந்த 44-ஐ 46 ஆக்கினால் வேகம் கூடும். பிராசசரைத் தாங்கி, அதற்குக் கரண்டு கொடுத்து, மற்ற சாமான்களோடு இணைக்கும் பலகைதான் மதர்போர்டு. எண்ணை மாற்றுவது அந்தப் பலகையின் பயாஸ் என்னும் உள்நிரலில். பூட்டு விழுந்திருப்பதும் இந்தப் பெருக்கும் எண்ணின் மேல்தான்.

ஒரு காலத்தில் ஓவர்கிளாக் என்பது ஏழையின் உபாயமாகவே இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி ‘செலரான் 300ஏ’ என்ற மலிவு பிராசசரை 149 டாலருக்கு விட்டது. அதே சமயத்தில் விட்ட உயர்தர ‘பென்டியம் 2’, 450 மெகா ஹெர்ட்ஸ், விலை 669 டாலர். 300ஏ-வின் பெருக்கும் எண் 4.5, அதை மாற்ற முடியாது. ஆனால் அடிப்படைத் துடிப்பு 66. ‘440பிஎக்ஸ்’ சிப்செட் வைத்த போர்டில் அந்தத் துடிப்பை 100 ஆக்கலாம். ஆக்கினார்கள். 300 என்று விற்ற சாமான் 450-ல் ஓடியது! ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு. இந்த வேலையை பயாசிலேயே செய்யவிட்ட ‘அபிட்’ கம்பெனியின் ‘பிஎச்6’ போர்டு அன்று உலகமெங்கும் பேர் வாங்கியது. விலைக்கேற்ற வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்த வியாபாரத்தின் சாயம் அப்போதே வெளுத்தது.

பெருக்கும் எண்ணைப் பூட்டியதற்குக் கம்பெனி அன்று ஒரு காரணம் சொன்னது. இடைத்தரகர்கள் மலிவு பிராசசரின் மேல் அச்சை அழித்து, பெரிய எண்ணைப் போட்டு விற்கிறார்கள். அந்த மோசடியைத் தடுக்கவே பூட்டு என்றது. அப்படி மோசடி நடந்தது உண்மை. ஆகவே அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிடமாட்டேன். ஆனால் மோசடிக்காரனைப் பிடிக்கப் போட்ட பூட்டுக்குப் பின்னாளில் சாவி விற்க ஆரம்பித்ததற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இன்டெல்லின் இன்றைய ஏற்பாடு இது. பேருக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்து போட்ட பிராசசரில் மட்டும் பெருக்கும் எண் திறந்திருக்கும். ‘கே’க்கு விலை கூட. அதை ‘இசட்’ என்று தொடங்கும் சிப்செட் வைத்த போர்டில் மாட்டினால்தான் அந்த எண்ணை ஏற்ற முடியும். ‘இசட்’டுக்கும் விலை கூட. ‘பி’, ‘எச்’ என்று தொடங்கும் சாதாரண போர்டுகளில் அந்த வழி மூடப்பட்டிருக்கும். கே பெட்டிக்குள் கூலர் ஃபேன் வராது. அது தனிச் செலவு. எஸ்.எம்.பி.எஸ். பெரிதாக வேண்டும், அது இன்னொரு செலவு.

சிப்செட் என்பது என்ன செய்கிறது? யு.எஸ்.பி., ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் இவற்றைக் கவனிக்கிறது. பிராசசரின் பெருக்கும் எண்ணுக்கும் அதற்கும் தொழில்நுட்ப ரீதியாக எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. போர்டு கம்பெனிகளே நிரூபித்தன. 2013-லும் 2014-லும் எச்81, பி85 என்ற மலிவு சிப்செட் போர்டுகளுக்குப் பல கம்பெனிகள் புது பயாஸ் வெளியிட்டன. அதை ஏற்றியதும் மலிவு போர்டில் ஓவர்கிளாக் திறந்துகொண்டது. 2014-ல் வந்த 72 டாலர் ‘பென்டியம் ஜி3258’ பிராசசரை அந்தப் போர்டுகளில் மாட்டி, சொற்பப் பணத்தில் வேகம் கூட்டினார்கள். ஒரு திருகாணிகூடப் புதிதாக முடுக்கவில்லை. எழுத்து வடிவிலான நிரலை மாற்றினார்கள், அவ்வளவுதான். இன்டெல் தன் நிரல் திருத்தங்களை அனுப்பி வழியை மூடியது.

2015 டிசம்பரில் மறுபடியும் அதே கதை. அடிப்படைத் துடிப்பைக் கூட்டி, பூட்டிய பிராசசரையும் ஓட்டலாம் என்று சூப்பர்மைக்ரோ, அஸ்ராக் போன்ற கம்பெனிகளின் போர்டுகளில் தெரியவந்தது. அஸ்ராக் அதற்கு ஒரு பேரும் வைத்து விளம்பரம் செய்தது. 2016 பிப்ரவரிக்குள் இன்டெல் மூடச் சொல்லிவிட்டது. அஸ்ராக்கும் வாயை மூடிக்கொண்டு வசதியை எடுத்துவிட்டது.

இதைவிட வேடிக்கை 2010-ல் நடந்தது. ‘பென்டியம் ஜி6951’ என்ற பிராசசரை வாங்கியவர், கடையில் 50 டாலர் கொடுத்து ஒரு அட்டை வாங்கிச் சுரண்டி, அதிலுள்ள எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தால், ஏற்கெனவே அவர் வாங்கி வைத்திருந்த பிராசசரிலேயே மூடி வைத்திருந்த பகுதிகள் திறக்கும்! நெல்லுக்குக் காசு வாங்கிக்கொண்டு குதிருக்குப் பூட்டுப் போட்டு, பிறகு சாவிக்குக் காசு கேட்பது போல. ஜனங்கள் சிரித்தார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தைச் சுருட்டினார்கள். ஆனால் 2012-லிருந்து 2021 வரை வேறொன்று நடந்தது. ஓவர்கிளாக் செய்தால் வாரண்டி போய்விடும். போகாமலிருக்க வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டி ஒரு பாதுகாப்புத் திட்டம் வாங்க வேண்டும். கே-க்கு ஒரு விலை, இசட்டுக்கு ஒரு விலை, இரண்டையும் வாங்கி எண்ணைக் கூட்டினால் வாரண்டிக்கு மேலும் ஒரு விலை.

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். ஒரே சிலிக்கன் தகட்டில் வெட்டியெடுத்த சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக வருவதில்லை. கரும்பில் அடிக்கரும்பு வேறு, நுனிக்கரும்பு வேறு என்பது போல, சில வேகமாக ஓடும், சில ஓடாது. சோதித்துப் பிரித்து விலை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போர்டில் அப்படிப் பிரிக்க என்ன இருக்கிறது? அங்கே இருப்பது சுத்தமான பூட்டு.

போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. வேறு வழியில் போகிறது. 2017-லிருந்து வந்த அதன் ரைசன் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் பெருக்கும் எண் திறந்தே இருக்கிறது. நடுத்தர விலை ‘பி’ போர்டுகளிலும், அதாவது பி350, பி450, பி550, பி650 இவற்றில், ஓவர்கிளாக் செய்யலாம். குறைந்த பணத்தில் ஓவர்கிளாக் வேண்டும் என்பவருக்கு இதுதான் நேரான பாதை. இவர்களும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஏ320, ஏ520, ஏ620 என்று ‘ஏ’ போட்ட மலிவு போர்டுகளில் பிராசசர் ஓவர்கிளாக்குக்கு இவர்களும் பூட்டுத்தான் போட்டார்கள். 2025-ல் பி850 என்று ஒன்றும் பி840 என்று ஒன்றும் விட்டார்கள். பி850-ல் ஓவர்கிளாக் உண்டு, பி840-ல் கிடையாது. பத்து எண் வித்தியாசம். பெட்டியும் பேரும் ஒரே சாயல். ‘பி போட்டிருந்தால் திறந்தது’ என்று கேள்விப்பட்டு வாங்குகிறவர் நேராகப் போய்க் குழியில் விழுவார்.

ஏ.எம்.டி. விஷயத்தில் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் ஒன்றிருக்கிறது. 2020 மே மாதத் தொடக்கத்தில், இனி வரும் புது பிராசசர்கள் பி450 போன்ற பழைய போர்டுகளில் ஓடாது, புது போர்டு வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. போர்டு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் கொதித்தார்கள். பல தேசங்களில் வாங்கியவர்கள் ஒரே குரலில் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கம்பெனி தன் முடிவை வாபஸ் வாங்கியது. முடியாது என்று சொன்ன பி450-ல் புது பிராசசர் ஓடியது. 2022-ல் அதற்கும் முந்தின 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்துவிட்டார்கள். ஐந்து வருஷப் பழைய பலகையில் புதுச் சாமான்! முடியாது என்று சொன்னதெல்லாம் மனம் இல்லாமல் சொன்னதுதான் என்று வெட்டவெளிச்சமாயிற்று.

சரி, பூட்டைத் திறந்து என்ன கிடைக்கிறது? இதைத்தான் வாலிபர்கள் கேட்க மறக்கிறார்கள். 1998-ல் ஐம்பது சதவிகிதம் கிடைத்தது. இன்றைய பிராசசரைக் கம்பெனியே வேலைக்கேற்பத் தானாக வேகமெடுக்கும்படி செய்து, எல்லை வரை ஓட்டித்தான் விற்கிறது. உதாரணமாக ரைசன் 5 5600. அடிப்படை வேகம் 3.5, தானாகவே 4.4 கிகா ஹெர்ட்ஸ் வரை ஏறும். கையால் திருகி 4.6, 4.7 எட்டினால் அதிர்ஷ்டம். ஐந்தாறு சதவிகிதம். ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் பிடிக்கிற வீடியோ வேலையில் மூன்று நிமிஷம் மிச்சம்.

அந்த மூன்று நிமிஷத்துக்கு என்ன கொடுக்கிறோம்? வோல்டேஜைக் கூட்டாமல் வேகம் கூட்டுவது கஷ்டம். பிராசசர் தின்னும் மின்சாரமோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வோல்டேஜைப் பத்து சதவிகிதமும் வேகத்தை ஐந்து சதவிகிதமும் கூட்டினால் மின்சாரம் 27 சதவிகிதம் கூடுகிறது. கரண்டு பில் அதனால் கவிழ்ந்துவிடாது. 30 வாட் கூடுதலாகத் தினம் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். கவலை, சூடுதான்.

எல்லைக்கு மேல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் கம்பெனிகளே நமக்குக் காட்டியிருக்கின்றன. இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை உயர்தர பிராசசர்கள் வாங்கிய சில மாதங்களில் தடுமாறி நின்றன. 2024-ல் அது பெரிய ரகளையாயிற்று. போர்டு கம்பெனிகள் அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்தன என்று முதலில் பழி அவர்கள் மேல் போயிற்று. பிறகு, தன் நிரலே வோல்டேஜை வரம்பு மீறிக் கேட்டது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தம் அனுப்பி, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியது. ஏ.எம்.டி. பக்கத்தில் 2023-ல் சில ரைசன் 7000 பிராசசர்கள் போர்டில் உட்கார்ந்தபடியே எரிந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும்போது போர்டு ஒரு பகுதிக்குக் கூடுதல் வோல்டேஜ் கொடுத்ததுதான் காரணம்; அதன் பிறகு 1.3 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். ஓவர்கிளாக் செய்யாமல், பெட்டியைப் பிரித்து மாட்டியதோடு நிறுத்தியவர்களுக்கும் இந்தக் கதி.

ஆகவே போர்டில் பணம் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை வி.ஆர்.எம். என்பார்கள். பிராசசர் உட்காரும் சதுரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்களும் சாம்பல் நிறக் கட்டிகளும் வரிசையாக இருக்குமே, அதுதான். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட்டை ஏறக்குறைய 1.2 வோல்ட்டாக இறக்கிப் பிராசசருக்குக் கொடுப்பது அதன் வேலை. 120 வாட் தின்னும் பிராசசருக்கு 1.2 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் வேண்டும்? நூறு ஆம்பியர்! நம் கொல்லையில் ஓடும் 5 குதிரைசக்தி மும்முனை பம்ப்செட் எடுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். வோல்டேஜ் குறையக் குறைய ஆம்பியர் ஏறும் என்பது ஒயர்மேன் தோழர்களுக்குத் தெரியும். வோல்டேஜ் மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவிகிதம் சூடாகப் போகும். அதாவது 12 முதல் 15 வாட், இரண்டு விரல் அகல இடத்தில். ரேடியோ ரிப்பேர்க்காரர் பற்ற வைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சுமையைப் பல ‘ஃபேஸ்’கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பாரத்தை நாலு பேர் தூக்குவதற்கும் எட்டுப் பேர் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம். மலிவு போர்டில் நாலு ஃபேஸ் போட்டு, மேலே அலுமினியக் கட்டைகூட வைக்காமல் விடுவார்கள். பெரிய பிராசசரை அதில் மாட்டினால் வி.ஆர்.எம். நூறு டிகிரியைத் தாண்டும். போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். வேகம் கூட்டப் போய், வாங்கிய வேகமும் போயிற்று! விளம்பரத்தில் ‘10 ஃபேஸ்’, ‘12 ஃபேஸ்’ என்று கொட்டையெழுத்தில் போடுவதையும் அப்படியே நம்பக் கூடாது. பிராசசரின் மற்றப் பகுதிகளுக்குக் கொடுப்பதையும் சேர்த்துக் கூட்டுவார்கள். ஒரே ஃபேசில் இரண்டு உறுப்புகளை வைத்து இரண்டென்று எண்ணுவோரும் உண்டு. கண்ணால் பார்க்க வேண்டியது: வி.ஆர்.எம். மேல் திருகாணி போட்டு இறுக்கிய, கனமான ஹீட் சிங்க் இருக்கிறதா? பிராசசருக்கான கரண்டு சொருகி நாலு பின்னா, எட்டு பின்னா? எட்டு வேண்டும். போர்டு கம்பெனியின் பிராசசர் பட்டியலில் நாம் வாங்கப்போகும் பிராசசரின் பேர் இருக்கிறதா? வி.ஆர்.எம். சூட்டை அளந்து காட்டுகிற சோதனைகள் யூடியூபில் கிடைக்கின்றன. கடைக்காரர் வாயைப் பார்ப்பதற்குப் பதில் அதைப் பார்க்கலாம்.

அந்தச் சோதனைகளிலும் ஒரு கணக்கு நாம் போட வேண்டும். ஏ.சி. போட்ட, 21, 22 டிகிரி அறையில் அளந்து சொல்லுவார்கள். சித்திரை, வைகாசியில் கள்ளக்குறிச்சியில் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரைக்கடியில் நம் பையன் உட்கார்ந்திருப்பான். அவர்கள் காட்டும் சூட்டோடு இருபதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளிமலையில் வைத்து ஓட்டினால் குளிர்ச்சிதான். ஆனால் காற்றும் மழையும் வந்தால் கரண்டு எங்கே? விட்டு விட்டு வரும் கரண்டில், எர்த் சரியில்லாத பிளக்கில், பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்ஸை வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் பேசுவது வெறும் வீராப்பு. போர்டுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் ஒரு யு.பி.எஸ்ஸும் வாங்க வேண்டும். எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட அதிகச் செலவில்லை.

இனி மூவர் விஷயத்துக்கு வருகிறேன். மலைப் பையனிடம் ஒரு கடையில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கே பிராசசர், இசட் போர்டு, தண்ணீர் ஓடும் கூலர், தவணை வசதி. எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் மட்டும் கம்பெனிப் பேரே இல்லை! அவன் வேலை வீடியோ எடிட்டிங். இன்டெல் பிராசசர்களில் வீடியோவை விரைவாகக் கையாளும் தனிப் பகுதி ஒன்று கிராபிக்சோடு சேர்ந்து இருக்கிறது. கே இல்லாத சாதாரண ஐ5-லும் அது உண்டு. ‘எஃப்’ என்று முடியும் பிராசசரில் மட்டும் கிராபிக்ஸ் இல்லாததால் அதுவும் கிடையாது. ஆகவே கே-யும் வேண்டாம், எஃப்-பும் வேண்டாம், இசட்டும் வேண்டாம். ஹீட் சிங்க் உள்ள ஒரு ‘பி’ போர்டு போதும் என்று சொன்னேன். மிச்சமாகும் பணத்தில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டச் சொன்னேன். வீடியோ வேலை நின்று நின்று போவது அவை இரண்டும் பற்றாமல்தான். 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் உலகத்து ரேமையெல்லாம் வாரிக்கொண்டு போனதில் அதன் விலை எகிறிக் கிடக்கிறது. போர்டில் மிச்சம் பிடிக்க இது இன்னொரு காரணம். முன்பணத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. ‘இசட்’ என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. தகப்பனாருக்கு வாடவில்லை.

அரிசி ஆலைத் தோழரின் மகனுக்கு விளையாட வேண்டும். விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் ஏளனம் செய்யக் கூடாது. இப்படிப் பிரித்து மேய்ந்துதான் பலர் தொழில் கற்கிறார்கள். ஓவர்கிளாக்கை அவன் கற்றுக்கொள்ளட்டும். அவனுக்கு பி550 போர்டு, ரைசன் 5 பிராசசர். பழைய பி450 கைமாற்றுக்கு வந்தாலும் பாதகமில்லை. ஆனால் பயாசைப் புதுப்பிக்காவிட்டால் 5600 அதில் உயிர்ப்பிக்காது. புதுப்பித்து, ஓட்டிக் காட்டிய பிறகே பணம். பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருக்கும் போர்டானால் நல்லது. வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் வோல்டேஜைக் குறைத்துப் பார்க்கவும் அவனுக்குச் சொன்னேன். பி550-ல் அதற்கு வழி இருக்கிறது. பல சமயம் சூடு குறைந்து, அதனாலேயே வேகம் சற்றுக் கூடும். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லாதவருக்கு 5600ஜி போன்ற, கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசசர். அங்கே விளையாட்டின் வேகம் ரேமைப் பொறுத்தது. ஒற்றை ரேமுக்குப் பதில் இரண்டாகப் போட்டு, அதன் வேகத்தைப் பயாசில் சரியாக வைத்தால் கிடைக்கும் லாபம், பிராசசரைத் திருகுவதில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. பூட்டுப் போட்ட ஏ520 போர்டில்கூட இதைச் செய்யலாம். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள், இதில் அவர்களுக்கு விற்க ஒன்றும் இல்லை.

கரும்பு வெட்டுத் தோழரின் மருமகன் ஜெராக்ஸ் கடையில் சான்றிதழ் விண்ணப்பங்கள் அடிக்கிறார். அவருக்கு ஓவர்கிளாக் எதற்கு? உள்ளதில் மலிவான போர்டு போதும்.

வாரண்டி பற்றி ஒரு வார்த்தை. விலை மலிவு என்று வெளிநாட்டுச் சரக்கைச் சிலர் கொண்டுவந்து விற்கிறார்கள். 2016-ல் இன்டெல் இந்தியாவுக்கென்று தனியாக ஒரு விதி வைத்தது: இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்கிய பெட்டி பிராசசருக்குத்தான் இங்கே வாரண்டி. அதே கம்பெனி செய்த அதே சாமானாக இருந்தாலும், 2024-ல் அந்த விதியைக் கைவிடும் வரை, வெளியே வாங்கியது செல்லவில்லை. இந்தப் புகாரின் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2019-ல் விசாரணைக்கு உத்தரவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்று போய் வாங்குகிற தோழர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். போர்டு பழுதானால் யார் அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போவது? இரண்டு நாள் கூலியும் பஸ் சார்ஜும் சேர்ந்தால் அங்கே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். உள்ளூரில் சற்றுக் கூட ஆனாலும், பழுதானால் தானே வாங்கி அனுப்புகிற கடைக்காரர் மேல்.

பில் இல்லாமல் வாங்கக் கூடாது. ‘பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்று ஆசை காட்டுவார்கள். 18 சதவிகிதம் என்றதும் மனம் தடுமாறும். ‘மதர்போர்டு - 1’ என்று மட்டும் எழுதிய பில்லும் உதவாது. போர்டின் முழுப் பேர், சிப்செட் எழுத்தும் எண்ணும், சீரியல் நம்பர், தேதி, எத்தனை வருஷ வாரண்டி, எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பி850 என்று சொல்லி பி840-ஐக் கட்டிக் கொடுத்தால், அந்தத் துண்டுக் காகிதம்தான் சாட்சி. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கிற மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வரைக்குமான சாமானுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் பில்லோடு சங்க ஆபீசுக்கு வரலாம். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் யாராவது ஒருவர் இருப்போம்.